டீனோ ஸோஃப்: சொந்தத் திறமையா, பின்களத்தின் தயவா?

2 மார்ச் 2022, காலை 7.20 (ஒரு வாசகர் எழுப்பியது)

இத்தாலியின் பழைய கால்பந்து கோல்கீப்பர் டீனோ ஸோஃப்புக்கு 80 வயது நிறைந்தது என்று ஆளாளுக்குப் புகழ்மாலை சூட்டுகிறார்கள். ஜென்டிலே, ஷிரேயா, கப்ரினி என்று மூன்று தடுப்பாட்டக்காரர்கள் முன்னால் நின்றால் யார் வேண்டுமானாலும் கோல் வாங்காமல் நிற்கலாம். 1142 நிமிடச் சாதனை பின்களத்துக்குச் சேரவேண்டியது. 1978 உலகக் கோப்பையில் தூரத்திலிருந்து அடித்த பந்தெல்லாம் வலைக்குள் போனதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இந்த மனிதர் பாய்ந்து காப்பாற்றிய ஒரே ஒரு காட்சியைக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

2 மார்ச், காலை 9.05 (இங்கிருந்து எல்லாம் என் பதில்கள்)

புகழ்மாலை இருக்கட்டும், முதலில் தேதியைப் பாருங்கள். சர்வதேச ஆட்டங்களில் கோல் வாங்காத அந்த 1142 நிமிடம் 1972 செப்டம்பரில் தொடங்கி 1974 ஜூனில் முடிந்தது. ஜென்டிலே இத்தாலிக்காக முதன்முதலில் களமிறங்கியது 1975 ஏப்ரலில். ஷிரேயா அதே ஆண்டின் கடைசியில். கப்ரினி 1978 உலகக் கோப்பையில். நீங்கள் சொன்ன மூவரில் ஒருவர்கூட அந்த நிமிடங்களில் மைதானத்தில் இல்லை. நின்றவர்கள் ஃபாக்கெத்தி, புர்னிச், ஸ்பினோசி போன்றவர்கள். அவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் வழக்கில் சாட்சியைக் கூப்பிடும்போது சம்பவ இடத்தில் இருந்தவரைக் கூப்பிடவேண்டும்.

2 மார்ச், காலை 9.30

"லக்ஸம்பர்க்குக்கு எதிராகக் கோல் வாங்காதது ஒரு பெருமையா" என்று கேட்டிருக்கிறீர்கள். லக்ஸம்பர்க், துருக்கி, ஸ்விட்சர்லாந்து ஆகிய அணிகளோடு தகுதிச்சுற்று ஆடியதும், அதில் இத்தாலி ஒரு கோல்கூட வாங்காததும் சரி. அதே காலத்தில் 1973 ஜூனில் ரோமில் பிரேசிலுக்கு எதிராக 2–0. சில நாள் கழித்து டூரினில் இங்கிலாந்துக்கு எதிராக 2–0. நவம்பரில் வெம்ப்ளியில் 1–0. ஆட்டம் முழுக்க இங்கிலாந்து அழுத்திக்கொண்டே இருக்க, கடைசி நேரத்தில் கபெல்லோ அடித்த கோலில் இத்தாலி ஜெயித்தது. 1974 பிப்ரவரியில் மேற்கு ஜெர்மனியோடு 0–0. லக்ஸம்பர்க்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு வெம்ப்ளி போதும்.

2 மார்ச், இரவு 10.40

சாப்பிட்டுவிட்டு யோசித்தேன். "பலமான பின்களம் இருந்தால் யார் வேண்டுமானாலும் நிற்கலாம்" என்ற வரியை விட மனமில்லை, ஏனென்றால் நான் இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

கல்லூரியில் நான் கோல்கீப்பராக நின்ற அணி பரிதாபமான அணி. பந்து வந்துகொண்டே இருக்கும். பத்து பந்தில் ஏழைத் தடுப்பேன், மூன்று உள்ளே போகும், எனக்குப் பெயர் கிடைக்கும். "பாவம், அவன் இல்லையென்றால் பத்து வாங்கியிருப்பார்கள்" என்பார்கள். பிறகு வேலைக்குப் போன இடத்தில் நல்ல அணி அமைந்தது. பின்னால் நின்ற நால்வரும் மாவட்ட அளவில் ஆடியவர்கள். சுகமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். அரை மணி நேரத்துக்கு ஒரு பந்துகூட வராது. வெயில் கண்ணில் அடிக்கும். உடம்பு சூடு இறங்கிவிடும். மனம் சம்பளக் கணக்குக்குப் போய்விடும். அப்போது பார்த்து ஒரு பந்து வரும். அந்த ஒன்றைத் தடுத்தால் யாருக்கும் நினைவிருக்காது. விட்டால் அதுதான் ஆட்டத்தின் கதை. பலவீனமான அணியின் கோல்கீப்பருக்கு வேலை அதிகம், பலமான அணியின் கோல்கீப்பருக்குத் தண்டனை அதிகம். எனக்கு இரண்டாவது ஒத்துவரவில்லை, சீக்கிரமே பெஞ்சுக்குப் போனேன்.

ஸோஃப் அந்த இரண்டாவது வேலையை யுவெண்டஸில் பதினொரு பருவம் செய்தார். பருவத்துக்கு 30 லீக் ஆட்டம். பெருக்கிப் பாருங்கள், 330. அதில் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. காய்ச்சல் இல்லை, கணுக்கால் சுளுக்கு இல்லை, ஃபார்ம் போய்விட்டது என்று உட்காரவைக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமையும் இல்லை.

3 மார்ச், காலை 6.50

மேலே இன்னொருவர் "அதிர்ஷ்டக்காரர்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அதிர்ஷ்டம் எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன்.

1942இல் வடகிழக்கு இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் மரியானோ டெல் ஃபிரியூலி என்ற சிற்றூரில் பிறந்தவர். 14 வயதில் இன்டர், யுவெண்டஸ் இரண்டு கிளப்புகளும் உயரம் போதாது என்று திருப்பி அனுப்பின. பாட்டி தினமும் எட்டு முட்டை கொடுத்து வளர்த்தார், ஐந்து ஆண்டில் 33 சென்டிமீட்டர் வளர்ந்தார் என்பது இத்தாலியில் எல்லோரும் சொல்லும் கதை. முட்டையின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை. இடையில் மெக்கானிக் வேலையும் கற்றுக்கொண்டார்.

முதல் பிரிவில் முதல் ஆட்டம் 1961 செப்டம்பரில், உடினேசே அணிக்காக, ஃபுளோரன்சில். ஐந்து கோல் வாங்கினார், 5–2. அந்தப் பருவத்தில் நான்கே ஆட்டம். அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதற்குப் பிறகு மாண்டோவாவில் நான்கு பருவம், நாப்போலியில் ஐந்து. யுவெண்டஸ் வாங்கும்போது அவருக்கு 30 வயது. 16 ஆண்டுக்கு முன்னால் உயரம் போதாது என்று சொன்ன அதே யுவெண்டஸ்.

அவர் வென்ற ஆறு லீக் பட்டங்களும் முப்பதுக்குப் பிறகு வந்தவை. பட்டம் வெல்லும் அணியில் பிறந்து விழுந்தவர் அல்லர். உங்கள் கணக்கில் சேராத, பின்களத்தின் தயவில்லாத பதினொரு ஆண்டு அதற்கு முன்னால் இருக்கிறது.

3 மார்ச், மதியம் 1.15

இடையில் 1968ஐ விட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் நேப்பிள்ஸில் பல்கேரியாவுக்கு எதிராக முதல் சர்வதேச ஆட்டம். ஜூனில் ஐரோப்பியக் கோப்பை. அரையிறுதியில் சோவியத் யூனியனோடு 0–0, கூடுதல் நேரமும் முடிந்து நாணயம் சுண்டி இத்தாலி ஜெயித்தது. அதிர்ஷ்டம் என்று சொல்பவர் இதைப் பிடித்துக்கொள்ளலாம், என்னிடம் மறுப்பு இல்லை. இறுதியாட்டம் யூகோஸ்லாவியாவோடு 1–1, இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம், 2–0.

கோப்பையைத் தொட்ட கோல்கீப்பருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அல்பெர்தோசியை நிறுத்தினார்கள். ஸோஃப் பெஞ்சில் உட்கார்ந்து, பிரேசில் நான்கு கோல் அடித்த இறுதியாட்டத்தைப் பார்த்தார்.

10 மார்ச், காலை 7.00

நேற்றிரவு மாட்ரிட் ஆட்டத்தைப் பார்த்தீர்களா? பாரிஸ் அணிக்காக நின்ற இத்தாலிய கோல்கீப்பர் டொன்னாருமா காலில் பந்தை வைத்துக்கொண்டு தயங்கினார், மாட்ரிட்டின் பென்ஸெமா நெருங்கினார், கோல். அதற்குப் பிறகு பாரிஸ் அணியே சரிந்துவிட்டது. போன ஜூலையில் ஐரோப்பியக் கோப்பையின் சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கிய அதே பையன். எட்டே மாதம்.

ஸோஃப் காலத்தில் சகவீரர் பின்னால் தள்ளிய பந்தைக் கையில் எடுக்கலாம். 1992இல்தான் அதைத் தடுத்தார்கள். ஆகவே ஸோஃப்பை இன்றைய விதியில் கற்பனை செய்து பார்ப்பவர்கள், டொன்னாருமாவையும் பழைய விதியில் ஒருமுறை நிறுத்திப் பார்க்கவேண்டும். அந்தக் கோல் விழுந்தே இருக்காது.

12 மார்ச், இரவு 11.20

சரி, 1978. இதற்கு நழுவாமல் பதில் சொல்லவேண்டும் என்று இரண்டு ஆட்டங்களின் பதிவையும் தேடிப் பார்த்தேன்.

நெதர்லாந்து ஆட்டம்: 2–1 தோல்வி. பிராண்ட்ஸ் முதல் பாதியில் தன் வலையிலேயே பந்தைப் போட்டு இத்தாலிக்கு முன்னிலை கொடுத்தார், இடைவேளைக்குப் பிறகு அவரே வெளியிலிருந்து ஓங்கி அடித்துச் சமன் செய்தார். பிறகு ஆரி ஹான். கோலிலிருந்து நம்ப முடியாத தூரம். பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போகிறது. மூன்றாம் இடத்துக்கான பிரேசில் ஆட்டமும் 2–1 தோல்வி. நெலினியோ வலது ஓரத்திலிருந்து அடித்த பந்து காற்றில் வெளிப்பக்கமாக வளைந்து போய்த் தூரத்துக் கம்பத்தை ஒட்டி நுழைகிறது. அடுத்தது திர்சேயு, மறுபடியும் தூரத்திலிருந்து.

நெலினியோ அடித்ததை யார் நின்றாலும் தடுக்க முடியாது. சந்தேகமிருந்தால் மறுபடி பாருங்கள். பிராண்ட்ஸ் அடித்ததும் அப்படித்தான். ஹான் அடித்தது எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பந்துக்கு ஒரு அடி எடுத்துவைக்க நேரம் இருக்கிறது. அந்த அடி தாமதமாகத்தான் விழுகிறது. இத்தாலியப் பத்திரிகைகள் அவருக்குக் கண் தெரியவில்லை, வயதாகிவிட்டது என்று எழுதித் தீர்த்தன. அப்போது வயது 36.

13 மார்ச், காலை 8.10

நேற்று எழுதியதன் மறுபாதி. பயிற்சியாளர் என்ஸோ பேர்ஸோட் அவரை நீக்கவில்லை. இவரும் ஃபிரியூலிக்காரர், அந்தப் பக்கத்து ஊர். இருவருமே வார்த்தையைச் செலவழிக்காத ஆட்கள். கண் தெரியாதவர் என்று எழுதப்பட்ட மனிதர் அடுத்த நான்கு ஆண்டில் இரண்டு லீக் பட்டமும் ஒரு உலகக் கோப்பையும் வாங்கினார். "யார் வேண்டுமானாலும் நிற்கலாம்" என்றால் பேர்ஸோட் யாரையாவது நிறுத்தியிருக்கலாமே?

25 மார்ச், காலை 6.30

இத்தாலி மறுபடியும் உலகக் கோப்பைக்கு வெளியே. பலெர்மோவில், வடக்கு மாசிடோனியாவிடம், கூடுதல் நிமிடத்தில். ட்ரைகோவ்ஸ்கி தூரத்திலிருந்து அடித்த தாழ்வான பந்து. டொன்னாருமா பாய்ந்தார், எட்டவில்லை. அதுவரை இத்தாலிதான் ஆட்டம் முழுக்க அடித்துக்கொண்டிருந்தது, கோல்கீப்பருக்கு வேலையே இல்லை.

2 மார்ச் இரவு நான் எழுதியதை மேலே போய் ஒருமுறை படியுங்கள். வேறொன்றும் சொல்லப்போவதில்லை. தூக்கமில்லை.

25 மார்ச், மாலை 5.45

"டொன்னாருமாவையும் கண் பரிசோதனைக்கு அனுப்பலாமா?" என்று கேட்டவருக்கு: வரிசையில் முதலில் பெனால்டிப் பகுதிக்குள்ளிருந்தே வலையைக் காணாத நம் இத்தாலிய முன்களத்தை அனுப்புங்கள்.

17 ஏப்ரல், இரவு 9.50

பாய்ந்து காப்பாற்றிய ஒரு காட்சியைக் கேட்டிருந்தீர்கள். இதோ. இதற்காகத்தான் காத்திருந்தேன்.

5 ஜூலை 1982, உலகக் கோப்பை, பார்சிலோனா, சாரியா மைதானம். பிரேசிலுக்கு சமன் போதும். இத்தாலி ஜெயித்தாகவேண்டும். பவ்லோ ரோசி மூன்று அடித்து 3–2. கடைசி நிமிடங்கள். இடப்பக்கம் பிரேசிலுக்கு ஃப்ரீ கிக், அடிப்பவர் எடெர். பந்து வளைந்து கூட்டத்துக்குள் வருகிறது. தடுப்பாட்டக்காரர் ஆஸ்கார் எல்லோருக்கும் மேலே எழும்பித் தலையால் முட்டுகிறார். முட்டும்போது கோல் என்று நான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், முடிவு தெரிந்திருந்தும்.

ஸோஃப் விழுந்து பந்தை நிறுத்துகிறார். கவனியுங்கள், தட்டிவிடவில்லை, நிறுத்துகிறார். பந்து கோட்டின் மேல், கை பந்தின் மேல். சுற்றிலும் மஞ்சள் சட்டைகள். அவ்வளவு நெருக்கத்தில் வரும் பந்தை எல்லா கோல்கீப்பர்களும் எப்படியாவது வெளியே தள்ளப் பார்ப்போம். தள்ளினால் புகைப்படம் அழகாக வரும். ஆனால் அன்று தள்ளியிருந்தால் பந்து எந்தக் காலில் போய் விழுந்திருக்கும்? அந்தக் கூட்டத்தில் பாதிக் கால்கள் பிரேசிலுடையவை. பிடித்ததால் ஆட்டம் அங்கேயே முடிந்தது.

அப்புறம் இன்னொரு ஆபத்து. பிரேசில்காரர்கள் கோல் என்று கை தூக்குகிறார்கள். பந்து முழுதாகக் கோட்டைத் தாண்டினால்தான் கோல். அதை அளக்கக் கருவி இல்லாத காலம். நடுவர் ஆபிரகாம் கிளைன் கண்ணால் பார்த்துச் சொல்லவேண்டும். அந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டுப் பந்தை மார்போடு அணைத்துப் பின்பக்கம் புரண்டிருந்தால், தடுத்த பந்தே கோல் ஆகியிருக்கும். நாற்பது வயதுக்காரர் பந்தைக் கோட்டின் மேலேயே அழுத்திப் பிடித்து, நடுவர் பார்க்கும்வரை அசையவிடாமல் வைத்திருக்கிறார். இந்தப் பந்தில் ஜென்டிலே எங்கே, ஷிரேயா எங்கே? தாண்டவேண்டியவர்களை எல்லாம் தாண்டித்தான் அந்தப் பந்து வந்தது.

17 ஏப்ரல், இரவு 10.15

அவசரத்தில் மறைத்துவிட்டேன் என்று யாரும் சொல்லவேண்டாம்: அதே ஆட்டத்தில் சாக்ரடீஸ் அடித்த முதல் கோல் ஸோஃப்புக்கும் பக்கத்துக் கம்பத்துக்கும் நடுவே போனது. கோல்கீப்பர்கள் வாங்கக் கூடாத இடம் அது. தெரிந்துகொண்டேதான் மேலுள்ளதை எழுதினேன்.

18 ஏப்ரல், காலை 7.40

அந்த ஆட்டம் முடிந்ததும் ஸோஃப் பேர்ஸோட்டின் கன்னத்தில் முத்தம் கொடுத்தார். முத்தம் கொடுக்கும் ஆள் அல்லர் என்பதால்தான் இது செய்தி.

இதற்குப் பின்னணி உண்டு. முதல் சுற்றில் போலந்து, பெரு, கேமரூன் மூன்றோடும் சமன். கேமரூனும் மூன்று சமன்தான். இத்தாலி ஒரு கோல் கூடுதலாக அடித்திருந்ததால் தப்பியது. பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிட்டன. வீரர்கள் சேர்ந்து, இனி நிருபர்களிடம் பேசுவதில்லை என்று முடிவெடுத்தார்கள். அணியின் சார்பில் ஒருவர் மட்டும் பேசுவார் என்றார்கள். யார் அந்த ஒருவர்? கேப்டன் ஸோஃப். அணியிலேயே மிகக் குறைவாகப் பேசுபவர். நிருபர்களுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை யோசித்திருக்க முடியாது.

18 ஏப்ரல், காலை 7.55

கேமரூன் என்றதும் நினைவு வந்தது. அந்த ஆட்டத்தில் எதிர்க்கோலில் நின்றவர் தாமஸ் என்கோனோ. கிராஸியானியின் தலைமுட்டலுக்குப் பின்னால் நகரும்போது வழுக்கி விழுந்து கோல் வாங்கினார். எட்டு ஆண்டு கழித்து 1990 உலகக் கோப்பையில் அதே என்கோனோவைப் பார்த்துத்தான் பஃபன் என்ற இத்தாலியச் சிறுவன் கோல்கீப்பராக விரும்பினான். பின்னாளில் தன் மகனுக்கு லூயி தாமஸ் என்று பெயரும் வைத்தான். சொந்த நாட்டில் ஸோஃப் இருக்க, கேமரூன்காரரைப் பிடித்துக்கொண்டான். பிள்ளைகளுக்குப் பாய்பவர்களைத்தான் பிடிக்கும். இந்த இழையைத் தொடங்கியவருக்கும் அப்படித்தான் போலிருக்கிறது.

6 மே, இரவு 9.00

இத்தாலிய ஜனாதிபதி பெர்தினியோடு விமானத்தில் சீட்டாடிய புகைப்படத்தைப் போட்டவருக்கு நன்றி. மேசையில் உலகக் கோப்பை, சுற்றிலும் நான்கு பேர்: பெர்தினியும் ஸோஃப்பும் ஒரு ஜோடி, பேர்ஸோட்டும் அணி வீரர் காவ்சியோவும் எதிர் ஜோடி. பெர்தினி ஜோடி தோற்றது, ஜனாதிபதி ஸோஃப்பைக் கோபித்துக்கொண்டார். முந்தின நாள் இரவு மாட்ரிட்டில் மேற்கு ஜெர்மனியை 3–1 என்று வென்று, 40 வயது 4 மாதம் 13 நாளில் கோப்பையைத் தூக்கிய மனிதர், மறுநாள் சீட்டாட்டத்துக்குத் திட்டு வாங்கியிருக்கிறார். அவ்வளவு வயதில் உலகக் கோப்பை வென்ற ஆட்டக்காரர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

7 மே, காலை 6.20

வெற்றி பெற்ற இரவில் ஸோஃப்பும் ஷிரேயாவும் கொண்டாட்டத்துக்குப் போகாமல் விடுதி அறைக்குத் திரும்பி ஒரு சிகரெட் புகைத்துக்கொண்டு கிடந்ததாக ஸோஃப்பே சொல்லியிருக்கிறார். இருவரும் அறைத்தோழர்கள். பின்னால் ஸோஃப் யுவெண்டஸின் பயிற்சியாளர் ஆனபோது ஷிரேயா அவருடைய உதவியாளர். 1989 செப்டம்பரில் எதிரணியின் ஆட்டத்தைப் பார்க்கப் போலந்துக்குப் போன ஷிரேயா கார் விபத்தில் இறந்தார். அந்தப் பருவத்தில் யுவெண்டஸ் யூஈஎஃப்ஏ கோப்பை, இத்தாலியக் கோப்பை இரண்டையும் வென்றது. வென்ற கையோடு ஸோஃப்பை அனுப்பிவிட்டார்கள்.

7 மே, இரவு 8.30

பயிற்சியாளர் ஸோஃப்பைப் பற்றித் தனி இழை வேண்டும் என்கிறார் ஒருவர். இங்கேயே முடித்துவிடுகிறேன். இத்தாலிய அணியின் பயிற்சியாளராக இருந்தபோது, 2000 ஐரோப்பியக் கோப்பைக்கு முன்னால் பஃபன் கையை முறித்துக்கொள்ள, டோல்டோவை நிறுத்தினார். அரையிறுதியில் நெதர்லாந்தை டோல்டோ கிட்டத்தட்டத் தனியாகவே வென்றார். இறுதியாட்டத்தில் ஃபிரான்சுக்கு எதிராகக் கடைசி நிமிடம்வரை முன்னிலை. வில்டோர் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் ட்ரெஸெகே முடித்தார். ஜிடானுக்குத் தனியாக ஒரு காவல் போடத் தெரியாதா என்று அரசியல்வாதி பெர்லுஸ்கோனி பகிரங்கமாகச் சாடினார். ஸோஃப் உடனே ராஜினாமா செய்தார். யாரும் போகச் சொல்லவில்லை, தன் வேலையை அப்படிப் பேசியது பொறுக்கவில்லை. 1978இல் பத்திரிகைகள் எழுதியதற்கு இவர் எங்கும் போகவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு இவர் யார் என்று கொஞ்சம் புரிகிறது. கோல் விட்டாய் என்றால் கேட்டுக்கொள்வார், அது அவர் வேலை. அவமதித்தால் பொறுக்கமாட்டார்.

11 ஜூலை, இரவு 9.15

மாட்ரிட் இறுதியாட்டத்துக்கு இன்று 40 ஆண்டு. தொடங்கியவர் மறுபடி வந்து, "சரி, சாரியா பந்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பஃபனா, ஸோஃப்பா?" என்று கேட்டிருக்கிறார்.

திறமை என்றால் பஃபன். யோசிக்கவே வேண்டாம். ஸோஃப் லீக்கில் 903 நிமிடம் கோல் வாங்காமல் இருந்தார். ஸெபாஸ்டியானோ ரோசி அதை 929 ஆக்கினார், பஃபன் 2016இல் 974 ஆக்கினார். ஆனால் உலகக் கோப்பையும் ஐரோப்பியக் கோப்பையும் இரண்டையும் வென்ற இத்தாலிய ஆட்டக்காரர் ஸோஃப் ஒருவர்தான்.

இருவருக்கும் கிடைக்காதது ஐரோப்பிய கிளப்புகளின் முதன்மைக் கோப்பை, இன்றைய சாம்பியன்ஸ் லீக். ஸோஃப் 1973இல் அயாக்ஸிடம் 1–0 என்று தோற்றார். பத்து ஆண்டு கழித்து 25 மே 1983, ஏதென்ஸ், ஹாம்பர்க். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மகாத் வெளியிலிருந்து இடக்காலால் அடித்தார், பந்து ஸோஃப்பைத் தாண்டி மேல் மூலையில் போய் விழுந்தது. அதுவும் 1–0. நான்கு நாள் கழித்து ஸ்வீடனில் 112ஆவது சர்வதேச ஆட்டம், 2–0 தோல்வி, அதோடு நிறுத்திக்கொண்டார். மகாத் அடித்த பந்தைப் பலமுறை ஓட்டிப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து நின்ற இடம் எனக்குச் சரியாகவே படுகிறது. "41 வயது, எட்டவில்லை" என்று நீங்கள் எழுதத் தயாராக இருப்பது தெரியும். எழுதுங்கள், ஆனால் அதற்கு முன் மேற்கு ஜெர்மனியின் ஷூமாஹரையோ சோவியத்தின் யாஷினையோ அதே இடத்தில் நிறுத்திப் பாருங்கள்.

11 ஜூலை, இரவு 9.40

ஷூமாஹர் பெயரை எடுத்தது வம்பாகிவிட்டது. 1982 அரையிறுதியில் அவர் ஃபிரான்சின் பாட்டிஸ்டோன்மீது மோதிய விவகாரத்துக்கு வேறு இழை தொடங்குங்கள், அங்கே வருகிறேன்.